ராமக்காள் பேசாமல் வந்த காலை

எங்கள் ஸ்கேன் சென்டரில் இரண்டு பெரிய மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று சி.டி., இன்னொன்று எம்.ஆர்.ஐ. இரண்டையும் ஓட்டுகிறவன் நான்தான். ஆனால் வருகிற ஜனங்களில் பாதிப் பேர் அவற்றை ஓட்டுவது ராமக்காள் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அவர்கள் நினைப்பது முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

என் பெயர் முகம்மது கனி. காஜிமார் தெருக்காரன். இருபத்தாறு வருஷமாக டெக்னீஷியன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள், வெளியிலும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? "ஆடாமல் படுங்கள்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

ராமக்காளுக்குப் பிறந்த ஊர் டி. கல்லுப்பட்டிப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது விளாங்குடி. வீட்டுக்காரர் பேயாண்டி குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லோடு அடிக்கிறார். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் வேலைக்கு வந்தாள். வேலையின் பெயர் பெண் உதவியாளர். பெருக்குவதும் துடைப்பதும் அதில் பாதி. மீதிப் பாதிதான் முக்கியம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகிறவர்கள் உடம்பில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. உள்ளே இருப்பது ராட்சசக் காந்தம், ராத்திரி பகல் எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஆட்களின் உடம்பில் இருக்கிற உலோகத்தையெல்லாம் கழற்றி வாங்க வேண்டும்.

நம் ஊரில் இது லேசான வேலையா? ஆம்பளைகளுக்கு அரைஞாண், தாயத்து, சனிக்காக விரலில் போட்ட குதிரை லாட மோதிரம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இடுப்பில் மடக்குக் கத்தியை வைத்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்று சாதித்தார். அவர் நடக்கிற நடையைப் பார்த்தே ராமக்காள் கண்டுபிடித்துவிட்டாள். "ஐயா, உள்ள இருக்கிற மெஷினு ஒங்களுக்கு என்ன பங்காளியா? கத்தியக் குடுங்க" என்று கையை நீட்டினாள். மனிதர் வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பெண்கள் என்றால் தாலி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிச் செயினில் கோத்திருக்கிற ஊக்குகளை இழுக்கும். ஒவ்வொரு தாலியிலும் நான்கு ஊக்காவது தொங்கும், அது இல்லாத பெண் இந்த ஜில்லாவில் உண்டா? கொக்கிக்குள் இருக்கிற ஸ்பிரிங் என்ன உலோகம் என்று செய்த ஆசாரிக்கே தெரியாது. அதனால் எல்லாமே கழற்ற வேண்டும் என்பது எங்கள் சென்டரின் கட்டளை. ராமக்காள் வருவதற்கு முன் இந்த ஒரு விஷயத்துக்காகவே ஸ்கேன் வேண்டாம் என்று எழுந்து போன பெண்கள் இருக்கிறார்கள்.

அவள் வந்த மாசமே அதற்கு வழி கண்டுபிடித்தாள். கோயில் பக்கத்துக் கடையில் மஞ்சள் கயிறு கட்டுக்கட்டாக வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து டப்பாவில் வைத்துக்கொண்டாள். முதலில் கயிற்றைக் கழுத்தில் கட்டுவாள். அப்புறம்தான் தாலியில் கை வைப்பாள். "பாத்துக்கங்க மதினி, கழுத்து ஒரு நிமிசம் வெறுசா இல்ல. அண்ணனுக்கு நூறாயுசு" என்பாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவாள். எங்கள் மார்க்கத்துப் பெண்கள் வந்தால் அவர்களுடைய கருகமணியை ஒரு துணிப் பையில் போட்டு, அவர்கள் கண் முன்னாலேயே கூட வந்தவர் கையில் கொடுத்து, "பத்திரம் பாய்" என்பாள். அப்புறம் தானும் உள்ளே போய், பயப்படுகிறவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். மெஷின் தடதடவென்று இடிக்கிற சத்தத்தில் அந்த ஒரு கைதான் அவர்களுக்குத் தைரியம்.

இவ்வளவும் பேச்சினால்தான். அவள் பேச்சு நிற்கவே நிற்காது. காலையில் உள்ளே நுழையும்போதே வாசலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். ஷேர் ஆட்டோக்காரன் எங்கே இறக்கிவிட்டான், பேயாண்டி என்ன குழம்பு வேண்டாம் என்றார், என் சட்டை ஏன் கசங்கியிருக்கிறது, எல்லாம் வரும். எரிச்சலாகத்தான் இருக்கும். லீவு போட்டாள் என்றால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

அந்தப் பேச்சினால்தான் எங்களுக்குள் சண்டையும் வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பக்கவாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்துக் கசிவது ஒன்று. குழாய் அடைத்துக்கொள்வது இன்னொன்று. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அடைப்புதான். வெடித்திருந்தால் சி.டி. இரண்டே நிமிஷத்தில் பளிச்சென்று காட்டிவிடும். அடைப்பு என்றால் முதல் சில மணி நேரத்துக்கு சி.டி.யில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூளை சுத்தமாக, நேற்றுப் போலவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் அப்படியில்லை, அரை மணி நேரத்திலேயே அடைபட்ட இடம் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். "அப்ப நேரா எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதுதானே?" என்று படித்தவர்களே என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அதற்கு நேரம் பிடிக்கும், நகை நட்டைக் கழற்ற வேண்டும், ஆடாமல் படுக்க வேண்டும். ரத்தம் கசிகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்தாக வேண்டும், அது தெரியாமல் அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் போட்டால் ஆளே போய்விடுவார். ஆகவே முதலில் சி.டி. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது.

இதை நான் சொன்னால் யாருக்கும் புரியாது. ராமக்காள் சொன்னால் புரிந்துவிடும். "கம்மாக்கரை ஒடஞ்சா ஊருக்கே தெரியும்யா. மடை அடைச்சுக்கிட்டா? பயிரு வாடுனப்பறம்தான் தெரியும். இந்த மெஷினு ஒடப்பப் பாக்குது. அந்த மெஷினு அடைப்பப் பாக்குது" என்று இரண்டு கதவுகளையும் கை காட்டுவாள். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்லகாமன் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயல் வரப்பில் வாய் கோணி விழுந்தவர். ஒரு சின்ன ஆஸ்பத்திரி டாக்டர் சி.டி. எடுத்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார். எடுத்தோம், கசிவு இல்லை. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மகன் ராம்கி போனைப் போட்டான். "ஆத்தா, ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லயாம். அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன், கறி எடுத்து வையி" என்றான். எனக்கு இந்த 'ஒண்ணுமே இல்ல' என்கிற வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் ரிப்போர்ட்டைப் பற்றி டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ராமக்காள் நிற்கவில்லை. வாசலில் போய் மறித்துக்கொண்டாள். "எலே, ஒடப்பு இல்லன்னுதான் போட்டுருக்கு. அடைப்பு இல்லன்னு எவன் சொன்னான்? ஒங்கப்பன் கையத் தூக்கச் சொல்லிப் பாரு. நேரா அந்த டாக்டர்கிட்டப் போ. வீட்டுக்குப் போன, அப்பறம் ஒங்கப்பனப் படுக்கையிலதான் பாப்ப" என்றாள். ராம்கிக்கு ரோஷம் வந்துவிட்டது. பெருக்குகிற பொம்பளை எங்கப்பனைச் சபிக்கிறாள் என்று கவுண்டரில் கத்தி, புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். ஆனால் டாக்டரிடம்தான் போனான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தக் கோபத்தை நான் கொண்டுபோய் அவள் தலையில் கொட்டினேன். "நீ என்ன டாக்டரா? எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன்? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? நாளைல இருந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்துதான் கத்தினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு வந்தாள். வாசலில் சத்தம் இல்லை. ஷேர் ஆட்டோக் கதை இல்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் நேற்றைய கோபம் என்று நினைத்தேன். கோபம் என்றால் இருக்கட்டும், மத்தியானம் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அன்று எம்.ஆர்.ஐ.க்கு முதல் ஆள் சின்னத்தாய் என்கிற அம்மா. திருவாதவூர்க்காரி, அறுபது வயதிருக்கும், ஆறு மாசமாக ஒற்றைத் தலைவலி. தம்பி மகன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். ராமக்காள் அந்த அம்மா கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடிக்க நேரமாயிற்று. என்னடா என்று எட்டிப் பார்த்தேன். கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இன்னொரு முனையை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் பல்லால் முடிச்சுப் போட்டு நான் பார்த்ததில்லை.

"ராமக்கா, வலது கையத் தூக்கு."

"தூங்குறப்ப... அமுங்கிருச்சுண்ணே. மரத்துருக்கு" என்றாள். வார்த்தை வழுக்கி வழுக்கி வந்தது. அப்போதுதான் புரிந்தது, அவள் கோபத்தில் பேசாமல் இல்லை. பேசினால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம் என்று பேசாமல் இருந்திருக்கிறாள்.

நான் போட்ட சத்தத்தில் டாக்டர் கனகா மேடம் ஓடிவந்தார். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர்தான். சிரிக்கச் சொன்னார், ராமக்காளின் உதடு ஒரு பக்கம்தான் போயிற்று. இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரி நரம்பு டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டுக்கொண்டு, "கனி, முதல்ல சி.டி." என்றார்.

மூன்று நிமிஷத்தில் எடுத்தேன். கசிவு இல்லை. வேறு ஒன்றும் தெரியவில்லை. ராமக்காள் மேஜையிலிருந்து தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். "ரத்தம் இல்லல்லண்ணே? அப்ப ஒண்ணும்... இல்ல. அடுத்த ஆளக் கூப்பிடுங்க." எத்தனையோ பேரை வாசலில் மறித்து நிறுத்தினவள், தன் தலை என்று வந்ததும் ராம்கி மாதிரியே பேசினாள். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று மேடம் கேட்டார். ஆறு மணிக்கு எழுந்து பால் பாக்கெட்டை எடுத்தபோது கைநழுவி விழுந்திருக்கிறது. தூங்கப் போனது ராத்திரி ஒன்பதரை. பேயாண்டி நாலு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் தூக்கத்தில் இருந்திருக்கிறாள். நடுவில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

மேடத்தின் முகம் வாடிவிட்டது. அடைப்பைக் கரைக்கிற ஊசியை வாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது வந்தது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்குப் பார்ப்பார்கள். ஒன்பதரை என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. ஊசி கிடையாது. ஊசி கிடையாது என்றால் அந்தக் கை, அந்த வாய், போனது போனதாகவே இருந்துவிடலாம்.

"எம்.ஆர்.ஐ. எடுத்தா நேரம் தெரியலாம் கனி" என்றார் மேடம்.

அது உண்மைதான். எம்.ஆர்.ஐ.யில் பல விதமான படங்கள் எடுப்போம். ஒரு விதத்தில் அடைபட்ட இடம் சீக்கிரமே வெள்ளையாகிவிடும். இன்னொரு விதத்தில் அதே இடம் வெளுக்க நாலைந்து மணி நேரம் ஆகும். முதல் படத்தில் வெள்ளை இருந்து இரண்டாவதில் இல்லாவிட்டால், வாதம் வந்து அதிக நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். எப்போது வந்தது என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் அந்த இரண்டு படம்தான் சாட்சி. சி.டி.யால் இதைச் சொல்ல முடியாது.

"தாலியக் கழட்டும்மா" என்றேன்.

ராமக்காள் இடது கையால் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த எட்டு வருஷமாக அவள் மற்றவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்காரும்போது தாலியை வெளியே வைத்துவிட்டுப் போனதே கிடையாது. ஊக்குகளை மட்டும் உருவி டப்பாவில் போட்டுவிட்டு, தாலியை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு போவாள். கொக்கிக்குப் பதில் நூலால் கட்டியிருப்பாள். நாங்களும் கண்டும் காணாமல் இருந்தோம். எட்டு வருஷத்துக்கு முன்னால் பேயாண்டியின் வண்டி வாடிப்பட்டிப் பக்கம் கவிழ்ந்து, அவர் பிழைப்பாரா என்று கிடந்தபோது, ஊர்க் காளியம்மனுக்கு அவள் ஒரு வேண்டுதல் வைத்தாளாம். அவர் பிழைத்தால் செத்தாலும் இதைக் கழுத்திலிருந்து இறக்க மாட்டேன் என்று. அவர் பிழைத்துக்கொண்டார். இப்போது கழற்றினால் அவர் உயிருக்கு ஆகாது என்று அவளுக்குப் பயம்.

"இம்புட்டு வருசமா ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் கட்டுன கயிறு ஒனக்கு மட்டும் கசக்குதா?" என்று கத்தினேன். கத்தின பிறகுதான், நேற்றுப் போலவே கத்துகிறேனே என்று பட்டது. "இந்தத் தடவை மட்டும் நூலோட உள்ள போறதுக்கு இல்லம்மா. செயின் தலைக்குப் பக்கத்துல கெடக்கும். படம் கெட்டுப்போனா மறுக்கா எடுக்க நேரமில்ல" என்று இறங்கி வந்தேன்.

பேயாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் இரைச்சலுக்கு மேலே கத்தி விஷயத்தைச் சொன்னேன். "ஏ புள்ள, கழட்டிக் குடு. நான் வந்து மறுக்காக் கட்டிக்கிறேன். நீ இல்லாம எனக்கு ஆயுசு என்னத்துக்கு? பாய், அவள விட்டுராதீங்க பாய்" என்றார்.

ராமக்காள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. தேடிப் பார்த்து வார்த்தை கிடைக்காத மாதிரி என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் இறங்கியது. மெல்ல இடது கையைத் தாலியிலிருந்து எடுத்துவிட்டாள்.

கயிற்றை யார் கட்டுவது? நான் கட்ட முடியாது, அது தப்பு. மேடம் போனும் கையுமாக இருந்தார். எங்கள் சென்டரில் இருக்கிற ஒரே பெண் உதவியாளர் நாற்காலியில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது சின்னத்தாய் அம்மா எழுந்து வந்தார்.

"நான் கட்டுறேன் தாயி. எனக்கு நீ கட்டலையா?" என்று டப்பாவிலிருந்து கயிற்றை எடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முதலில் கயிறு, அப்புறம் தாலி. ராமக்காள் செய்கிற வரிசை மாறாமல், பார்த்துப் படித்துக்கொண்ட மாதிரி செய்தார் அந்த அம்மா. நாலு ஊக்கு, இரண்டு கால் மெட்டி, மூக்குத்தி எல்லாம் துணிப் பைக்குள் போயிற்று. "என் ஸ்கேனு கெடக்கட்டும் தம்பி. இந்தப் புள்ளைக்கு எடுங்க. நான் உள்ள கூட இருக்கவா?" என்று கேட்டார். அவர் உடம்பில் தாலியைத் தவிர வேறு உலோகம் இல்லை என்பதைச் சற்று முன்தான் ராமக்காளே சோதித்து வைத்திருந்தாள், அந்தத் தாலியையும் அவரே கழற்றி மேடத்திடம் கொடுத்தார். உள்ளே அனுப்பினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராமக்காள் படுத்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், அரை மணிக்கு முன்னால் வரை யாரென்றே தெரியாத திருவாதவூர் அம்மா. நான் மைக்கில், "ஆடாம இரும்மா, பத்தே நிமிசம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

முதல் படம் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளை. ஆயிரம் பேருக்குப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

இரண்டாவது படம் மேலிருந்து ஒவ்வொன்றாக ஏறியது. அந்த இடத்துக்கு வந்தது. நான் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். வெள்ளை இல்லை. மங்கலாகக்கூட இல்லை. சுற்றிலும் இருக்கிற நிறம்தான்.

"மேடம், ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"ஆமா கனி, ஒண்ணுமே இல்ல" என்றார் மேடம். வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சந்தோஷமாகச் சொன்னது நான் அன்றைக்குத்தான். வாதம் ராத்திரி வந்ததில்லை, விடியற்காலையில் வந்தது. நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரை நானும் வாட்ச்மேனும் தள்ளிக்கொண்டு ரோட்டிலேயே ஓடினோம். மழை தூறிக்கொண்டிருந்தது, மேடம் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்தது, அடிக்கட்டும். பத்தரைக்குள் ஊசி ஏறிவிட்டது. அதற்கு மேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. "சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, இருபத்துநாலு மணி நேரம் பார்க்க வேண்டும்" என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் சென்டருக்குத் திரும்பவில்லை. ராத்திரி ஷிப்ட் பார்க்கிற டெக்னீஷியனை வரச் சொல்லிவிட்டு ஐ.சி.யு. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பேயாண்டி வந்தார், சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. துணிப் பையை அவர் கையில் கொடுத்தேன். திறந்து பார்க்கக்கூட இல்லை, மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நேத்து வந்து அழுதா பாய். நீங்க திட்டுனீங்களாம். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், நாளைலருந்து வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னா" என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா பேச்சுக்குச் சொன்னார். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றேன். அவள் திரும்பிப் பேசாமலே போய்விட்டால், அவளிடம் நான் கடைசியாகக் கேட்டுக்கொண்டது பேசாதே என்பதாகத்தான் இருக்கும். அல்லாவே, அந்த வாயை மட்டும் கொடுத்துவிடு, கை வராவிட்டாலும் பரவாயில்லை என்று துஆ கேட்டேன். அப்புறம், கையும் வேண்டும் என்று திருத்திக் கேட்டேன்.

நாலு மணிக்கு ஒரு ஆள் உள்ளே வரலாம் என்றார்கள். பேயாண்டி போய்விட்டு வந்தார். கையைப் பிடித்தால் லேசாக அழுத்துகிறாள், ஆனால் பேசவில்லை என்றார். "நீங்களும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க பாய்" என்று என்னை அனுப்பினார்.

கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மத்தியானம் முழுவதும் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன். அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். உதடு கொஞ்சம் கோணலாக அசைந்தது.

"அண்ணே... இங்க என்ன வேடிக்க? அந்தத் திருவாதவூரு அக்கா... இன்னும் ஸ்கேன் எடுக்காம ஒக்காந்துருக்கும்ல. கழுத்துல கயிறோட... காலையிலேருந்து. போங்க. போயி மெஷினப் பாருங்க."

மெதுவாகத்தான் வந்தது. நடுநடுவே வழுக்கியது. ஆனாலும் எல்லா வார்த்தையும் இருந்தது, ஒன்றும் விட்டுப்போகவில்லை. சின்னத்தாய் அம்மாவை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன், வந்த டெக்னீஷியன் அவருக்கு எடுத்துவிட்டானா என்றுகூடக் கேட்கவில்லை.

"போறேம்மா, இந்தா போறேன்" என்றேன். என் கால் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் நிக்கிறதப் பாரு. ஒங்களுக்கு... சொன்னா வெளங்காதா?" என்று மறுபடி ஆரம்பித்தாள். நான் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே, சிஸ்டர் வந்து வெளியே அனுப்புகிற வரைக்கும் நின்று திட்டு வாங்கினேன்.